வாரின் இறுக்கமும் அதன் அளவும்

நமுனுகுல மலைச்சரிவிலுள்ள ஸ்பிரிங்வெளி முதலாய தோட்டங்களில் வாழ்வோர்க்கு இயந்திரவொலி புதிதன்று. ‘ஸ்டோர்’ எனத் தோட்டத்தார் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் முழக்கம் இரவு நேரத்திலும் லயங்கள் வரை கேட்கும். அம்முழக்கத்தினிடையே சிற்சில வேளைகளில் ‘கிறீச்’ என்றோர் ஒலி எழுவதுண்டு. அறிந்தோர் அதனைக் கேட்ட மாத்திரத்தே, “பெல்ட் சறுக்குகின்றது” என்று சொல்லி எழுந்து செல்வர். அறியாதார் வாளாவிருப்பர். இவ்விரு திறத்தார்க்கும் இடையேயுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

தமிழாசிரியனுக்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளர். தொழில் யாவும் சொல்லின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வது. ‘கொஞ்சம் இறுக்கு’, ‘கொஞ்சம் தளர்த்து’ என்று கூறுவோன் அளவைக் கூறாதுவிடின், கேட்போன் தன் மனம்போனவாறு செய்வான். அளவோடு சொல்லுதலும், சொல்லியதைப் பிழையறக் கொள்ளுதலும் மொழிப்பயிற்சியின் பயன்களே. ஆதலின் இதனை ஒரு பாடமாகவே எழுதலாயினேன்.

வார் என்பது யாது?

ஒரு சக்கரத்தின் சுழற்சியை அதனின்றும் விலகி நிற்கும் மற்றொரு சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வளையமான பட்டையே வார் எனப்படும். தொழிலாளர் அதனைப் பெல்ட் என்பர். வார் தழுவிச் செல்லுஞ் சக்கரம் கப்பியாகும். இதன் தத்துவம் நம்மவர்க்குப் பழக்கமானதே. நூல் நூற்கும் இராட்டினத்திலே பெருஞ்சக்கரத்தையும் கதிரையும் பிணைக்கும் கயிறு ஒரு வாரே. வீட்டிலுள்ள காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தின் தோற்பட்டையும் அத்தகையதே. அத்தோற்பட்டை நாட்பட நீண்டு தளர்ந்தபோது, நம் அன்னையர் அதன் கம்பிக் கொளுவியைக் கழற்றி, நுனியிற் சிறு துண்டை வெட்டிவிட்டு மீண்டும் கொளுவிவிடுவர். வாரின் இறுக்கத்தைச் சரிசெய்யும் கல்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

இலங்கையில் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைப் பயிரை வாணிபமாகத் தொடங்கிய பின்னர், மலைநாடெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. அந்நாட்களில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி விசைப்பொறி இருந்ததில்லை. நீர்ச்சக்கரமோ, நீராவிப் பொறியோ, எண்ணெய்ப் பொறியோ ஒன்று மட்டும் இயங்கும். அது கூரையை ஒட்டிச் செல்லும் நெடுந்தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலுள்ள கப்பிகளிலிருந்து அகன்ற தட்டை வார்கள் கீழிறங்கிக் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தையும், உலர்த்தியின் விசிறியையும், சல்லடையையும் இயக்கும். கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையிற் பழைய பொறிகளை இன்றுங் காணலாம்.

1950ஆம் ஆண்டில் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மலைநாட்டிற் பரவப் பரவ, இயந்திரந்தோறும் தனி மோட்டர் அமைந்தது. நெடுந்தண்டு மறைந்தது, வாரோ மறையவில்லை. தட்டை வாரின் இடத்தை ஆப்பு வடிவான ‘வீ’ வார் பெற்றது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜோன் கேற்ஸ் என்பார் 1917ஆம் ஆண்டில் இவ்வாரை ஆக்கினார். அது கப்பியின் பள்ளத்துள் இறங்கி, அதன் இரு பக்கச் சுவர்களையும் நெருக்கிப் பிடிக்கும்.

இறுக்கம் ஏன் வேண்டும்?

வார் கப்பியைப் பற்களாற் பிடிப்பதன்று. உராய்வாற் பிடிப்பது. உராய்வு உண்டாவதற்கு வார் கப்பியை அழுத்துதல் வேண்டும். அழுத்துவதற்கு வாரில் இழுவை இருத்தல் வேண்டும். வேலை நடைபெறும்போது வாரின் ஒரு பக்கம் மிகுந்த இழுவையும், மறுபக்கம் குறைந்த இழுவையும் உடையதாகும். முன்னதை இறுகுபக்கமென்றும் பின்னதைத் தளர்பக்கமென்றும் கொள்க. இவ்விரண்டின் வேறுபாடே உண்மையில் வேலை செய்கின்ற விசையாம்.

சறுக்காமல் இருக்குமளவில் இறுகுபக்கத்து இழுவை தளர்பக்கத்து இழுவையினும் எத்தனை மடங்காகலாம் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒயிலர் என்னுங் கணித மேதை வகுத்தார். உராய்வுக் குணகமும் வார் கப்பியைத் தழுவும் கோணமும் மிகுமளவுக்கு அம்மடங்கு மிகும். உராய்வுக் குணகம் 0.3 ஆகவும், வார் கப்பியின் அரைவட்டத்தைத் தழுவுவதாகவும் கொண்டால், தட்டை வாருக்கு அம்மடங்கு ஏறக்குறைய 2.5 ஆகும். ‘வீ’ வாருக்குக் கணக்கு மிகப் பெரிய எண்ணைத் தரினும், பொறியியலார் காப்புக்கருதி 5 மடங்கையே கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொழுந்து அரைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு 10 கிலோவாற்று வலு வேண்டும். வார் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. வலுவை வேகத்தால் வகுக்க, வேலை செய்யும் விசை 1000 நியூற்றன் எனப் பெறப்படும். ‘வீ’ வாராயின், தளர்பக்கம் 250 நியூற்றனும் இறுகுபக்கம் 1250 நியூற்றனும் ஆகும். வேறுபாடு 1000, மடங்கு 5. தண்டைத் தாங்கும் போதிகைகளின்மேல் விழும் சுமை இவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய 1500 நியூற்றன். இதே வேலையைத் தட்டை வாராற் செய்தால், 2.5 மடங்கின்படி தளர்பக்கம் ஏறக்குறைய 667 நியூற்றனும் இறுகுபக்கம் 1667 நியூற்றனும் ஆதல் வேண்டும். கூட்டுத்தொகை 2300 நியூற்றனுக்கும் மேலாகின்றது. ‘வீ’ வார் குறைந்த இறுக்கத்தோடு அதே வேலையைச் செய்யுங் காரணம் இதனால் விளங்கும்.

குறையினும் மிகினும் கேடு

வார் தளர்ந்ததாயின் சறுக்கும். மேற்சொன்ன இயந்திரத்தில் வார் நூற்றுக்கு 5 பங்கு சறுக்குமாயின், 1000 நியூற்றன் விசை செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் உராய்கின்றதென்பது பொருள். அது 500 வாற்று வெப்பமாகும். அவ்வெப்பம் வாரின் பக்கங்களைச் சுட்டு, கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கும். வழுவழுத்த வார் மேலுஞ் சறுக்கும். சறுக்கச் சறுக்க மேலுஞ் சூடேறும். கேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வகை இதுவே.

கேடு வாரோடு நில்லாது. உலர்த்தியின் விசிறி வேகங்குறைந்தால் சூடான காற்றுக் குறையும். தேயிலை தக்கபடி உலராது ஈரத்திற் புழுங்கும். ஒரு கிலோகிராம் தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோகிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். விடியற்காலப் பனியிலும் மழையிலும் மலையேறிப் பறித்த கைகளின் உழைப்பு, தளர்ந்த ஒரு வாரினால் தரங்கெட்டுப் போகலாமென்பதை நினைவிற் கொள்க.

அவ்வாறாயின் இயன்றமட்டும் இறுக்கிவிடலாமே எனிற் கூடாது. மிக இறுகிய வார் தண்டை ஒருபுறமாக இழுக்கும். போதிகை சூடேறும், அதன் நெய் உருகி வடியும், நாளடைவில் உடைந்துபோகும். வாரினுள்ளே இழுவையைத் தாங்கும் இழைகளும் நீண்டு அறுந்துபோம். வாரின் விலை சிறிது. போதிகையின் விலை பெரிது. இயந்திரம் நின்ற நாளின் இழப்பு இரண்டினும் பெரிது. வேலைச்சுமை மிக்க வேளையிலுஞ் சறுக்காதிருத்தற்குப் போதுமான மிகக் குறைந்த இழுவை எதுவோ, அதுவே சரியான இறுக்கமாகும். இவ்வொரு வாக்கியத்தை மாணவர் மனனஞ் செய்தல் நன்று.

மலைப்பாதையில் மோட்டர் வண்டி

தொழிற்சாலையிற் கண்டது வண்டிக்கும் பொருந்தும். பல லொறிகளிலும் பஸ்களிலும் பொறியின் முன்புறத்திலுள்ள வார், குளிர்நீரைச் சுற்றவிடும் நீர்ப்பம்பியையும், மின்னை உண்டாக்கும் ஆல்டனேற்றரையும், விசிறியையும் இயக்கும். சாரதிகள் அதனை ஃபேன் பெல்ட் என்பர்.

பதுளையிலிருந்து தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் வண்டி தாழ்ந்த கியரிற் செல்லும். பொறி விரைந்து சுழலும். வண்டியோ மெல்ல ஊரும். சமவெளியில் ஓடும்போது முன்னிருந்து வீசும் காற்று இங்கே கிடையாது. பொறியின் வெப்பத்தைப் போக்கும் பொறுப்பு முழுவதும் விசிறியின் மேலும் நீர்ப்பம்பியின் மேலும் விழுகின்றது. அவ்விரண்டையும் இயக்கும் வார் சறுக்கினால் றேடியேற்றர் கொதிக்கும். அன்றியும், உயரஞ் செல்லச் செல்ல நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். 1000 மீற்றர் உயரத்திலே திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 97 பாகையிற் கொதித்துவிடும். றேடியேற்றர் மூடி உள்ளமுக்கத்தைக் காத்து அதனைத் தடுக்கின்றது. கொதித்த வேளையில் அம்மூடியைத் திறத்தல் பேராபத்தாகும். பொறியை நிறுத்தி, நன்கு ஆறவிட்டபின்னரே திறத்தல் வேண்டும்.

மூடுபனி சூழ்ந்த மாலையில் முன்விளக்கு மங்குவதும், பற்றறி நாடோறும் வலுவிழப்பதும் பிற அறிகுறிகள். புதிய வண்டிகள் பலவற்றில் ஒரே அகன்ற பல்வரி வார் எல்லா உறுப்புக்களையும் தழுவிச் செல்லும். சுருள்வில்லமைந்த இறுக்கி தானாகவே இழுவையைக் காக்கும். அவ்வகையிற் கையால் இறுக்குதற்கு இடமில்லை. வார் தேய்ந்தாலோ, இறுக்கியின் வில் வலுவிழந்தாலோ அவற்றை மாற்றுதலே முறை.

சோதிக்கும் முறை

சோதனைக்கு முன் பொறியை நிறுத்துக. வண்டியாயின் சாவியைக் கையில் எடுத்துக்கொள்க. மின்மோட்டராயின் பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டிட்டு, ‘வேலை நடைபெறுகின்றது’ என்னும் பலகையைத் தொங்கவிடுக.

முதலாவது, கண்ணாற் பார்த்தல். வாரின் பக்கங்களில் வெடிப்பு, பிரிந்த இழை, வழுவழுப்பு, எண்ணெய்க்கறை உண்டோ எனக் காண்க. கப்பியின் அருகே கரிய தூள் படிந்திருப்பின் வார் தேய்கின்றதென அறிக. ‘வீ’ வார் பள்ளத்தின் அடியைத் தொடுதல் ஆகாது. அடியைத் தொட்டால் பக்கப்பிடி இல்லாதொழியும். எத்துணை இறுக்கியும் பயனில்லை. தேய்ந்தது வாரோ கப்பியோ என ஆராய்ந்து மாற்றுதலே வழி.

இரண்டாவது, கப்பிகளின் நேர்மை. இரு கப்பிகளின் பக்கங்களிலும் படுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடிக்க. ஒரே அகலமுள்ள கப்பிகளாயின், நூல் ஒவ்வொரு கப்பியிலும் இரண்டு இடமாக நான்கு இடங்களையும் தொடுதல் வேண்டும். தொடாதவழிக் கப்பிகள் கோணலாயுள்ளன. கோணலை நீக்காது இறுக்கினால் வாரின் ஒரு பக்கமே தேயும்.

மூன்றாவது, தொய்வை அளத்தல். கப்பிகளிடையே வார் தொடாது நிற்கும் நீளத்தை அளந்து, அதன் நடுவே, வாருக்குச் செங்குத்தாக விசையிட்டு, எவ்வளவு தாழ்கின்றதெனக் காண்க. தொழிற்சாலை ‘வீ’ வார்களுக்குப் பொதுவிதி, அந்நீளத்தின் 64இல் ஒரு பங்கு தாழ்தலாம். நீளம் 640 மில்லிமீற்றராயின் தாழ்வு 10 மில்லிமீற்றர். அவ்வளவு தாழ்த்துதற்கு எத்துணை விசை வேண்டுமென்பதை வாரின் அளவுக்கேற்ப அதனை ஆக்கியோர் அட்டவணையாகத் தருவர். சுருள்விற் றராசினால் அவ்விசையை அளக்கலாம். அட்டவணையிற் குறைந்த விசைக்கே தாழ்ந்தால் வார் தளர்ந்தது. மிகுந்த விசை வேண்டின் மிக இறுகியது. வண்டி வார்களிற் பெருவிரலாற் பலமாக அழுத்த, ஏறக்குறைய 10 முதல் 13 மில்லிமீற்றர் தாழ்வது பொதுவழக்கு. எனினும் அவ்வவ் வண்டியின் கைந்நூல் கூறும் அளவே முடிந்த அளவாகும்.

சரிசெய்யும் முறை

வண்டியில் ஆல்டனேற்றரைத் தாங்கும் சுழலாணியின் போல்ட்டையும், நீண்ட துளையுள்ள தகட்டின் போல்ட்டையும் சிறிது தளர்த்துக. மரத்தடியொன்றால் ஆல்டனேற்றரை வெளிப்புறமாக நெம்புக. நெம்புதடி அதன் வலிய தாங்கிப் பகுதியிற் படுதல் வேண்டும். மெல்லிய ஓட்டிற் பட்டால் உடையும். வேண்டிய இறுக்கம் வந்தவுடன் தகட்டின் போல்ட்டை முதலிலும், சுழலாணியின் போல்ட்டைப் பின்னரும் இறுக்குக. இறுக்கியபின் மீண்டும் அளக்க. போல்ட்டுக்களை இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு.

தொழிற்சாலை மோட்டர் தண்டவாளம்போன்ற அடித்தளத்தில் நிற்கும். அதன் பிடிபோல்ட்டுக்களைத் தளர்த்தி, தள்ளும் திருகாணிகள் இரண்டையும் ஒரே அளவாகத் திருப்புக. ஒன்றை மிகுத்தால் மோட்டர் கோணும். பின்னர் நூல்பிடித்து நேர்மையைச் சோதித்து, பிடிபோல்ட்டுக்களை இறுக்குக.

புதிய வாரை மாட்டும்போது, மோட்டரை முன்னே தள்ளி இடம்விட்டு, கையாலேயே மாட்டுதல் வேண்டும். ஆணிமுடுக்கியால் நெம்பி ஏற்றினால் உள்ளிழைகள் அறுந்து, வெளியே தெரியாத குறையாக நிற்கும். ஒரே கப்பியிற் பல வார்கள் ஓடின், ஒன்று பழுதானாலும் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்றுக. பழையவை நீண்டிருக்கும்; புதியது ஒன்றே முழுச்சுமையையும் தாங்கி விரைவில் அழியும். புதிய வார் பள்ளத்திற் படிந்து சிறிது நீளுமாதலின், ஓடத் தொடங்கி ஓரிரு நாளுள் மறுபடியும் அளந்து சரிசெய்தல் இன்றியமையாதது. பலர் மறப்பது இதனையே. வாரிற் பிசினைத் தடவிச் சறுக்கலை அடக்குதல், நோயை விட்டு இருமலை அடக்குதல் போலாம்.

செவியும் ஓர் அளவுகோல்

தப்பு அடிப்போர் அடிக்குமுன் அதனை நெருப்பிற் காய்ச்சுவதை மாணவர் கண்டிருப்பர். தோல் இறுக இறுக ஒலி உயரும். மத்தளத்தின் வாரை இறுக்கிச் சுருதி கூட்டுவோரும் இவ்வுண்மையையே கையாளுகின்றனர். இன்றைய பொறியியலார் இதே வழியில் வாரின் இழுவையை அளக்கின்றனர். நின்ற வாரை விரலால் தட்ட, அது அதிரும். அவ்வதிர்வெண்ணைச் சிறு கருவி காட்டும். தொடாது நிற்கும் நீளத்தின் வர்க்கத்தையும், அதிர்வெண்ணின் வர்க்கத்தையும், ஒரு மீற்றர் வாரின் திணிவையும் பெருக்கி, நான்கால் மேலும் பெருக்க, இழுவை நியூற்றனிற் கிடைக்கும்.

நீளம் 0.64 மீற்றர், மீற்றரொன்றின் திணிவு 0.2 கிலோகிராம், அதிர்வெண் செக்கனுக்கு 40 எனக் கொண்டால், இழுவை ஏறக்குறைய 524 நியூற்றன். அதிர்வெண் 36 ஆகக் குறைந்தால் இழுவை 425 நியூற்றனே. ஒலி பத்தில் ஒரு பங்கு தாழ, இழுவை நூற்றுக்கு 19 பங்கு குறைந்துவிடுகின்றது. தோட்டத்துத் தப்புக்காரரின் செவியறிவும் இக்கருவியின் அறிவும் ஒரே விதியின் இரு வடிவங்களாம்.

காவல்

எல்லாவற்றினும் மேலானது உயிர்க்காவல். செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும் வாரில் விரல் பட்டால், அதனை உணர்ந்து கையை இழுக்கத் தொடங்குதற்குச் செக்கனில் ஐந்திலொரு பங்கேனும் செல்லும். அதற்குள் 2 மீற்றர் வார் கப்பியுட் புகுந்துவிடும். வாரும் கப்பியும் கூடும் வாயிலே அகப்பட்ட கைக்கு மீட்சியில்லை. சேலைத்தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், கழுத்துத்துணி, தளர்ந்த சட்டைக்கை என்பனவும் அவ்வாறே. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இயக்கத்தைச் செலுத்தும் உறுப்புக்களுக்குக் காவலிடுதல் வேண்டுமென விதித்தது. வாரைச் சரிசெய்தற்குக் கழற்றிய கம்பிவலைக் காவலை மீண்டும் பூட்டாதவன் தன் வேலையை முடித்தவனல்லன். “ஒரு நிமிடந்தானே” என்று ஓடும் வாரைத் தொடுபவன், அந்நிமிடத்துக்காகத் தன் வலக்கையைப் பணயம் வைக்கின்றான். மேலதிகாரி அவசரப்படுத்தினும் இயந்திரத்தை நிறுத்தியே தொடுவேன் எனத் துணிந்து கூறுதல் பணிவின்மையன்று, கடமையாகும்.

பயிற்சி

மாணவர்களே! இவற்றுக்கு விடை காண்க.

1. கப்பிகளிடையே வார் தொடாது நிற்கும் நீளம் 480 மில்லிமீற்றர். பொதுவிதியின்படி தாழ்வு எவ்வளவு?

2. வாரின் அதிர்வெண் இருமடங்கானால் இழுவை எத்தனை மடங்காகும்?

3. வாரை இறுக்கிய மறுநாட் போதிகை சூடேறுகின்றது, கிறீச்சொலியோ இல்லை. காரணம் யாதாகலாம்?

முதலாவதன் விடை 7.5 மில்லிமீற்றர், இரண்டாவதன் விடை நான்கு மடங்கு. மூன்றாவதற்குரிய விடை மேலே கூறப்பட்டுள்ளது. தேடிக் காண்பதே பயிற்சி.

பழைய மாணவர்கட்கு ஒரு விண்ணப்பம். உங்களுட் பலர் தொழிற்சாலையிலும், கராச்சுகளிலும், மின்னிலையங்களிலும் கைதேர்ந்தவர்கள். பழைய மோட்டர் ஒன்று, கப்பிகள் இரண்டு, வார் ஒன்று, சுருள்விற் றராசு ஒன்று, உறுதியான காவல் வலை ஒன்று ஆகியவற்றைக் கல்லூரி விஞ்ஞானகூடத்துக்கு அளித்து, ஆண்டிலொரு நாள் வந்து மாணவர்க்குச் செய்துகாட்டுவீர்களாயின், அது கற்சிலையினும் நெடுநாள் நிற்கும் நினைவுச்சின்னமாகும். தோட்டத்துப் பிள்ளைக்கு இயந்திரம் தொலைவில் முழங்கும் ஒலியாக மட்டும் இருத்தல் கூடாது. தானே திறந்து, அளந்து, திருத்தத்தக்க பொருளாதல் வேண்டும். அவ்வறிவுடையான் எங்குச் செல்லினும் அவனுக்கு வேலையுண்டு. அவன் கைக்குங் காவலுண்டு.